வட்டவலைச் சிலந்திகளை அறிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

சிலந்திகளைப் பற்றி அறிய விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் சிலந்தியின் நிறத்தையும் உடலின் கோலத்தையும் பார்த்துப் பெயர் கண்டுபிடிப்பதில் தொடங்குகிறார்கள். பல ஆண்டுகள் இவற்றைக் கவனித்து வந்த பிறகு, அது பின்னால் செய்ய வேண்டிய வேலை என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். வட்ட வடிவில் வலை கட்டும் சிலந்திக்கு எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மங்கல்தான். அது உலகத்தை அறிவது இழைகளின் வழியாக வரும் அதிர்வுகளைக் கொண்டு. இரை விழுந்ததும், எதிரி நெருங்குவதும், துணை வந்து நிற்பதும் அதன் கால் நுனிகளுக்குத்தான் முதலில் தெரிகின்றன. ஆகவே வலையை அதன் உடலின் நீட்சியாகவே கருதி, அதை வாசிக்கப் பழகிக்கொண்டால், அந்த உயிரினத்தின் வாழ்க்கை முழுவதும் ஒவ்வொன்றாகப் புரியத் தொடங்கும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

இதற்குத் தேவையானவை மிகக் குறைவு: ஒரு டார்ச் விளக்கு, ஒரு குறிப்பேடு, நேரம் பார்க்க ஒரு கடிகாரம், கைவசம் இருந்தால் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி. அந்தி நேரத்தில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும் பொறுமையும் வேண்டும்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்று அழைக்கும் வழக்கம் இருந்தாலும், அது பூச்சி இனத்தைச் சேர்ந்தது அன்று. பூச்சிக்கு ஆறு கால்களும் மூன்று பகுதிகளாகப் பிரிந்த உடலும் இருக்கும். சிலந்திக்கு எட்டுக் கால்கள், தலையும் மார்பும் ஒன்றாக இணைந்த முன்பகுதி, பின்னால் வயிறு என இரண்டே பகுதிகள். உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டில் 50,000த்தைக் கடந்தது. இவை எல்லாமே வலை கட்டுவதில்லை. ஓடிப் பிடிப்பவை, தாவிப் பிடிப்பவை, பூவில் பதுங்கியிருந்து பிடிப்பவை எனப் பல வகைகள் உண்டு.

வட்டவலை கட்டுபவற்றில் மிகப் பெரிய குடும்பம் அரனைடே என்பது. இதில் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இந்தக் குடும்பத்தின் பெயர் 1757இல் ஸ்வீடன் நாட்டுக் கார்ல் கிளெர்க் என்பவர் சிலந்திகளை முறைப்படுத்தி வெளியிட்ட காலத்திலிருந்து வருகிறது. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு 1758ஆம் ஆண்டையே தொடக்கமாகக் கொள்வது வழக்கம் என்றாலும், கிளெர்க் இட்ட சிலந்திப் பெயர்களுக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. இக்குடும்பத்தைத் தவிர, நீர்நிலைகளின் ஓரத்தில் சாய்வாகவோ படுக்கையாகவோ வலை கட்டும் நீள்தாடைச் சிலந்திகளும், நஞ்சுச் சுரப்பியே இல்லாத உலோபரிடே குடும்பத்துச் சிலந்திகளும் வட்டவலை கட்டுகின்றன. கடைசியாகச் சொன்னவை பசையைப் பயன்படுத்துவதே இல்லை. பின்னங்கால்களிலுள்ள சீப்பு போன்ற மயிர்வரிசையால் மிக நுண்ணிய இழைகளைச் சீவிச் சீவிப் பஞ்சு போலாக்கி, அந்தப் பஞ்சிலேயே இரையைச் சிக்கவைக்கின்றன.

ஸ்பெயின் நாட்டில் கிடைத்த, 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஆம்பர் என்னும் மரப்பிசின் கட்டிக்குள் வட்டவலைச் சிலந்தி ஒன்று பதிந்து கிடந்தது. டைனோசர்கள் நடமாடிய நிலத்தில் இந்த வலைகளும் தொங்கிக்கொண்டிருந்தன என்பதற்கு அது நேரடிச் சான்று.

முதல் படி: வலையைக் கண்டுபிடித்தல்

வலை கட்டுவதற்கு இரண்டு தாங்கல்களும் அவற்றுக்கு நடுவே பூச்சிகள் பறந்து செல்லும் வெற்றிடமும் வேண்டும். இரண்டு செடிகளுக்கு இடையிலான இடைவெளி, வேலிக் கம்பிகளுக்கு நடுவிலான இடம், கூரையின் ஓரம், இரவில் எரியும் விளக்கின் அருகு ஆகியவற்றில் முதலில் தேடுங்கள். பனி படிந்த அதிகாலையில் ஒவ்வோர் இழையிலும் நீர்த்துளிகள் கோத்திருக்கும் என்பதால் வலைகள் தாமாகவே கண்ணில் படும். மற்ற நேரங்களில், சூரியனை எதிர்நோக்கி நின்று, இருண்ட பின்னணியின் மீது பார்வையைச் செலுத்த வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வலைகூடத் தெரியாது. இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள்.

வலைகளைத் தெளிவாக மாற்றுவதற்காக அவற்றின் மீது மாவு தூவும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாவு படிந்த பசை பயனற்றுப் போகிறது. ஒரு நாள் உணவுக்காகச் சிலந்தி செய்த உழைப்பு முழுவதும் அதனால் வீணாகிறது.

கண்ணில் படும் வலை வட்டவலைதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். புல்தரையில் விரிப்பு போலப் பரந்து, ஒரு மூலையில் புனல் போல உள்வாங்கியிருப்பது வேறு குடும்பத்தின் வேலை. வீட்டு மூலைகளில் ஒழுங்கே இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகப் படர்ந்து, தூசி ஏறி ஒட்டடையாக மாறுபவையும் வேறு சிலந்திகளுடையவையே. வட்டவலையில் தூசி சேர்வது அரிது. ஏன் என்பது மூன்றாம் படியில் வரும்.

இரண்டாம் படி: வலையின் உறுப்புகளை வாசித்தல்

வட்டவலையை வண்டிச் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே எளிது. வெளியே செடிகளையும் கம்பிகளையும் பற்றிக்கொண்டிருக்கும் தடித்த இழைகள் சட்டம். நடுவில் சிலந்தி அமரும் நெருக்கமான பின்னல், சக்கரத்தின் குடம். குடத்திலிருந்து சட்டத்துக்குச் செல்பவை ஆரக்கால்கள். தோட்டச் சிலந்தி என்று ஐரோப்பாவில் அறியப்படும் அரானியஸ் டயடெமாட்டஸ் இனத்தின் வலையில் பொதுவாக 25 முதல் 30 ஆரக்கால்கள் இருக்கும். அவற்றின் மீது சுற்றிச் சுற்றிச் செல்வதுதான் இரையைப் பிடிக்கும் பசைச்சுருள்.

இப்போது உலர்ந்த புல்தண்டு ஒன்றை எடுத்து, வலையின் ஓரத்தில் ஓர் ஆரக்காலை மென்மையாகத் தொடுங்கள், ஒட்டாது. அடுத்துப் பசைச்சுருளின் ஒரு சுற்றைத் தொட்டுப் பின்னால் இழுத்துப் பாருங்கள். இழை தண்டைப் பற்றிக்கொண்டு, தன் நீளத்தைப் போல இரு மடங்குக்கு மேல் நீண்டு, விட்டதும் தளர்ந்து தொங்காமல் பழைய நிலைக்கே திரும்பும். வலையின் இயக்கம் முழுவதும் இந்தச் சிறு வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. ஆரக்கால்கள் விறைப்பும் உறுதியும் கொண்டவை. அவை சுமையைத் தாங்கி அதிர்வைக் கடத்துகின்றன. சுருள் நெகிழ்வானது, பறந்து வந்து மோதும் பூச்சியைத் திருப்பி எறியாமல், அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி நிறுத்துகிறது.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், பசைச்சுருளின் மீது ஒரே அளவிலான பசைத்துளிகள் முத்துமாலை போல வரிசையாக நிற்பதைக் காணலாம். சிலந்தி அவற்றை ஒவ்வொன்றாக வைப்பதில்லை. இழையின் மேல் ஒரே சீராகப் பூசப்படும் பசை, நீரின் பரப்பு இழுவிசை காரணமாகத் தானே துளிகளாகத் திரண்டுகொள்கிறது. அந்தத் துளிகளில் உள்ள உப்புப் பொருள்கள் காற்றிலிருந்து ஈரத்தை ஈர்த்துப் பசையை உலராமல் வைத்திருக்கின்றன. இழை தளரும்போது மிகுதியான இழையை அந்தத் துளிகளே தமக்குள் சுருட்டிக்கொண்டு, வலையை எப்போதும் இறுக்கமாக வைத்திருக்கின்றன என்பது அண்மைக்கால ஆய்வுகளில் தெரியவந்தது.

இத்தனை வகை இழைகளும் ஒரே சுரப்பியிலிருந்து வருவதில்லை. பெண் வட்டவலைச் சிலந்தியின் வயிற்றுக்குள் ஏழு வகைப் பட்டுச் சுரப்பிகள் இருக்கின்றன. சட்டத்துக்கும் ஆரக்கால்களுக்கும் ஒன்று, தற்காலிகச் சுருளுக்கு ஒன்று, பசைச்சுருளின் உள்நூலுக்கு ஒன்று, அதன் மேல் பூசும் பசைக்கு ஒன்று, இழைகளை ஒரு பரப்போடு ஒட்டவைக்கும் பற்றுக்கு ஒன்று, இரையைப் போர்த்தும் இழைக்கு ஒன்று, முட்டைப்பைக்கு ஒன்று. சுரப்பிக்குள் திரவமாக இருக்கும் புரதம், வயிற்றின் நுனியில் உள்ள மூன்று இணை நூற்பு உறுப்புகளின் வழியே இழுபடும்போதுதான் இழையாக இறுகுகிறது. சிலந்தி நூலைப் பீய்ச்சி அடிக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். காலால் இழுத்தோ, காற்றின் விசையாலோ, தன் உடல் எடையாலோதான் நூல் வெளியே வருகிறது.

கடைசியாக, குடம் வலையின் சரியான நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். செங்குத்தாகத் தொங்கும் வலைகளில் அது பெரும்பாலும் சற்று மேலே இருக்கும். கீழ்ப்பகுதி பெரிதாக இருக்கும். தலைகீழாக அமர்ந்திருக்கும் சிலந்தியால் மேல்நோக்கி ஏறுவதைவிடக் கீழ்நோக்கி விரைவாக ஓட முடியும். ஆகவே கீழே விழும் இரையே அதற்கு எளிது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2011இல் பொன்னிழைச் சிலந்திகளை வைத்துச் செய்த சோதனையில், எடையற்ற நிலையில் கட்டப்பட்ட வலைகள் பூமியில் இருப்பதைவிட அதிகச் சமச்சீராக அமைந்தன. விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது மட்டும், அந்த ஒளி வரும் திசையையே மேல்திசையாகக் கொண்டு அவை வலை கட்டின.

மூன்றாம் படி: வலை கட்டுவதை முழுமையாகப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள் என்றே சொல்வேன். பகலில் ஒரு வலையின் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்திக்குச் சற்று முன்பே அங்கே போய் நில்லுங்கள். இரவில் வேட்டையாடும் இனங்கள் பல, இருள் கவியும்போது கட்டத் தொடங்கும். வேறு சில விடியலுக்கு முன் கட்டும். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொண்டால் சிலந்திக்கு இடையூறு குறையும். முழு இருளிலும் அது வலை கட்டும் என்பதால், வெளிச்சம் உங்களுக்குத்தான் தேவை.

புதிய இடமாக இருந்தால், முதலில் பாலம் அமைகிறது. சிலந்தி உயரமான ஒரு நுனியில் நின்று, வயிற்றைத் தூக்கி, நூற்பு உறுப்பிலிருந்து ஓர் இழையைக் காற்றில் விடுகிறது. அது மிதந்து சென்று எதிர்ப்புறத்தில் எங்காவது பற்றிக்கொண்டதும், சிலந்தி அதை இழுத்து இறுக்கி, அதன் மேலேயே நடந்து சென்று, இன்னும் உறுதியான இழையை அதற்குப் பதிலாக இடுகிறது. பிறகு ஒரு தளர்ந்த இழையின் நடுவிலிருந்து கீழே இறங்கி, இழையைக் கீழே பொருத்தி இழுக்கும்போது, ஆங்கில எழுத்தான ஒய் போன்ற ஒரு வடிவம் கிடைக்கிறது. அந்த மூன்று கைகளும் சந்திக்கும் புள்ளிதான் வலையின் குடம். ஏற்கெனவே வலை இருந்த இடமாக இருந்தால், பாலத்தையும் சட்டத்தின் சில இழைகளையும் விட்டுவைத்து, இந்தத் தொடக்க வேலைகளைச் சிலந்தி சுருக்கிக்கொள்ளும்.

அடுத்து ஆரக்கால்கள். குடத்திலிருந்து கிளம்பி, ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆரக்கால் வழியாக வெளியே சென்று, சட்டத்தின் மேல் சற்று நகர்ந்து, அங்கே இழையைப் பொருத்திவிட்டுத் திரும்புகிறது. ஒரு புறத்தில் ஒன்றை இட்டால், அடுத்ததை எதிர்ப்புறத்தில் இடுவதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் இட்டால் வலை அந்தப் பக்கமாக இழுபட்டுவிடும். கூடாரம் அடிக்கிறவர்கள் கயிறுகளை எதிரெதிராகக் கட்டுவதும் இதே காரணத்தால்தான்.

ஆரக்கால்கள் முடிந்ததும் குடத்தைச் சுற்றிச் சில நெருக்கமான சுற்றுகள். பிறகு உள்ளிருந்து வெளிநோக்கி, அகலமான இடைவெளிகளுடன், பசையில்லாத ஒரு தற்காலிகச் சுருள். இது கட்டடம் கட்டும்போது அமைக்கும் சாரம் போன்றது. ஆரக்கால்களைப் பிடித்துவைக்கவும், சிலந்தி நடக்கவும் மட்டுமே உதவுகிறது.

இதன் பிறகு வேலையின் திசை மாறுகிறது. சிலந்தி வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி, மிக நெருக்கமாகப் பசைச்சுருளை இடத் தொடங்குகிறது. இந்த இடத்தில் ஒரே ஒரு காலை மட்டும் தேர்ந்துகொண்டு அதையே பாருங்கள். சிலந்தி ஓர் ஆரக்காலை அடைந்ததும், முன்கால் ஒன்றைப் பக்கவாட்டில் நீட்டி, முந்தைய சுற்று எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று தட்டித் தடவிக் கண்டுகொள்கிறது. அதே நேரத்தில் கடைசிக் கால் நூற்பு உறுப்பிலிருந்து இழையை வெளியே இழுக்கிறது. வயிற்றின் நுனி வளைந்து வந்து ஆரக்காலில் ஒரு கணம் அழுந்துகிறது, கால் விடுகிறது, புதிய இழை மெல்ல அதிர்ந்து அடங்குகிறது. அதற்குள் சிலந்தி அடுத்த ஆரக்காலுக்குப் போய்விட்டிருக்கும். இந்த அசைவு நூற்றுக்கணக்கான தடவை, ஏறத்தாழ ஒரே தாளத்தில் நடக்கிறது. இரண்டு சுற்றுகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் கோல் அதன் கால்தான். கட்டிக்கொண்டே வருகையில் குறுக்கிடும் தற்காலிகச் சுருளைத் துண்டு துண்டாக வெட்டி அகற்றிவிடுகிறது. வேலை முடியும்போது சாரத்தின் சுவடே இருக்காது. பொன்னிழைச் சிலந்திகள் மட்டும் அந்தச் சாரத்தை வலையிலேயே விட்டுவைக்கின்றன.

சில இடங்களில் சிலந்தி வட்டத்தை முழுமையாகச் சுற்றாமல் திரும்பி வந்த வழியே போவதையும் காண்பீர்கள். கீழ்ப்பகுதியில் இத்தகைய திருப்பங்கள் அதிகம் இருப்பதால்தான் வலையின் கீழ்ப்பாதி பெரிதாகிறது. கடைசியில் குடத்தின் நடுவைக் கடித்துச் சரிசெய்துவிட்டு, தலை கீழாக அமர்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை, பாலம் ஏற்கெனவே இருந்தால், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தன் பசையில் தானே ஏன் ஒட்டிக்கொள்வதில்லை என்ற கேள்வி அனைவருக்கும் வரும். ஓய்விலும் ஓட்டத்திலும் அது பசையில்லாத ஆரக்கால்களையே பற்றிக்கொள்கிறது என்பது ஒரு பகுதி விடை. கட்டும்போது பசையிழையைத் தொட்டே ஆக வேண்டும். அப்போது கால்களிலுள்ள கிளைத்த மயிர்களின் நுனிகள் மட்டுமே பசையில் படுகின்றன, காலை விலக்கும் விதமும் மிகக் கவனமானது, கால்களின் மேற்பூச்சும் ஒட்டுதலைக் குறைக்கிறது.

வட்டவலையில் தூசி சேராததற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. பல இனங்கள் நாள்தோறும் பழைய பசைச்சுருளைச் சுருட்டி உண்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகின்றன. இழை புரதத்தால் ஆனது. அதை வீணாக்க அவற்றுக்கு மனமில்லை. டேவிட் பீக்கால் என்ற ஆய்வாளர் 1971இல் கதிரியக்க அடையாளம் இட்ட இழைகளைத் தோட்டச் சிலந்திகளுக்குக் கிடைக்கச் செய்து சோதித்தபோது, உண்ட இழையின் மிகப் பெரும்பகுதி அடுத்த வலையிலேயே மீண்டும் இழையாக வந்திருந்தது.

வலை கட்டும் ஒழுங்கு சிலந்தியின் நரம்பு மண்டலத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதைக் காட்டும் இரண்டு நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் டியூபிங்கனில் 1948இல், ஹான்ஸ் பீட்டர்ஸ் என்ற விலங்கியலாளர், விடியலுக்கு முன்பே விழித்திருந்து வலைகட்டுதலைப் படம்பிடிக்க வேண்டியிருந்ததால், அந்த நேரத்தை மாற்ற ஏதேனும் மருந்து உண்டா என்று பீட்டர் விட் என்ற மருந்தியலாளரிடம் கேட்டார். மருந்துகள் நேரத்தை மாற்றவில்லை. வலையின் வடிவத்தை மாற்றின. காஃபீன் பெற்ற சிலந்தியின் வலை சக்கர வடிவத்தையே இழந்து தாறுமாறாகப் போனது. மற்றொன்று, 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் நடந்தது. ஜூடித் மைல்ஸ் என்ற பள்ளி மாணவியின் யோசனைப்படி, அராபெல்லா, அனிட்டா எனப் பெயரிடப்பட்ட இரண்டு தோட்டச் சிலந்திகள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. கீழே இறங்கத் தன் எடையையே நம்பியிருந்த உயிரினம், எடையே இல்லாத இடத்தில் முதலில் தடுமாறி ஒழுங்கற்ற வலைகளைக் கட்டியது. சில நாள்களில் பூமியில் கட்டுவதைப் போன்ற வலையைக் கட்டிவிட்டது.

நான்காம் படி: இரை பிடிப்பதைக் கவனித்தல்

குடத்தில் அமர்ந்திருக்கும் சிலந்தியின் எட்டுக் கால்களும் வெவ்வேறு ஆரக்கால்களின் மேல் இருக்கும். கால்களின் மூட்டருகே உள்ள நுண்ணிய பிளவு உணரிகள், எந்த ஆரக்காலில் அதிர்வு வலுவாக இருக்கிறது என்பதைக் கண்டறிகின்றன. குடத்தில் சிலந்தி இல்லையென்றால், வலையிலிருந்து அருகிலுள்ள இலைச் சுருட்டுக்குச் செல்லும் ஒற்றை இழையைத் தேடுங்கள்; அதன் மறுமுனையில், ஒரு காலை அந்த இழையின் மேல் வைத்தபடி அது பதுங்கியிருக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஓர் இசைக்கவை போதும். சார்ல்ஸ் வெர்னன் பாய்ஸ் என்ற இயற்பியலாளர் 1880இல் அதிரும் இசைக்கவையால் தோட்டச் சிலந்தியின் வலையைத் தொட்டு, சிலந்தி அதை ஈ என்று நம்பி ஓடிவருவதைப் பதிவுசெய்தார். நானும் இதைச் செய்திருக்கிறேன்: கவையை வலையின் ஓரத்தில் தொட்டதும் சிலந்தி சரியாக அந்தத் திசைக்குத் திரும்பி, ஆரக்கால்களை ஒரு முறை சுண்டி, பிறகு ஓடிவந்து உலோகத்தைக் கால்களால் தடவியது. அந்தச் சுண்டுதல் முக்கியமானது. இரை அசையாமல் கிடந்தால், சிலந்தி இழைகளைச் சுண்டி, எந்த இழை கனமாக இருக்கிறது என்று அறிந்துகொள்கிறது. ஒரே சிலந்தியிடம் இதைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் விடுங்கள். அது சக்தியை வீணாக்குகிறது.

இரையைத் தாக்கும் முறையும் ஒன்றே அன்று. வெட்டுக்கிளி போன்ற வலுவான இரை என்றால், கையெழுத்துச் சிலந்திகள் என்று அறியப்படும் ஆர்ஜியோப் இனங்கள் எட்ட நின்று, அகலமான பட்டைபோல இழைகளை வீசி இரையைப் புரட்டிப் புரட்டிப் போர்த்திவிட்டு, கட்டுண்ட பிறகே கடிக்கின்றன. அந்துப்பூச்சி என்றால் முறை மாறுகிறது. அதன் இறக்கைகளில் உள்ள செதில்கள் எளிதில் உதிர்வதால், பசையில் செதில்களை விட்டுவிட்டு அது நழுவித் தப்பிவிடும். ஆகவே சிலந்தி உடனே பாய்ந்து முதலில் கடிக்கிறது, பிறகுதான் போர்த்துகிறது. விழுந்தது எது என்பதைச் சில நொடிகளில் முடிவுசெய்து, அதற்கேற்ற முறையை அது தேர்ந்துகொள்கிறது.

சிலந்தியால் திட உணவை விழுங்க முடியாது. செரிமான நீரை இரையின் மீது உமிழ்ந்து, கரைந்த பகுதியை உறிஞ்சுகிறது. எஞ்சிய சக்கையை வலையிலிருந்து கீழே தள்ளிவிடும். வலைக்கு அடியில் தரையைப் பார்த்தால் அது என்ன உண்கிறது என்ற பட்டியலே கிடைத்துவிடும்.

இவற்றின் நஞ்சு பூச்சிகளுக்கானது. வட்டவலைச் சிலந்திகள் மனிதரைக் கடிப்பது அரிது. கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கலாம், அப்போதும் பெரும்பாலும் தேனீ கொட்டுவதைவிடக் குறைவான வலியே இருக்கும். எனினும் கையில் எடுக்காதீர்கள். கீழே விழுந்தால் அதன் வயிறு எளிதில் சிதைந்துவிடும்.

ஐந்தாம் படி: மாறுபட்ட வலைகளை அடையாளம் காணுதல்

அடிப்படை வடிவம் பழகிய பிறகு, அதிலிருந்து விலகும் வலைகள் தாமாகவே கண்ணில் படும்.

வலையின் நடுவில் வெண்மையான கோணல்மாணல் பட்டைகள் பெருக்கல் குறி போல இருந்தால், அது ஆர்ஜியோப். சிலந்தி கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அந்தக் குறியின் மேலேயே அமரும். இந்தப் பட்டைகள் வலைக்கு உறுதி தருவதற்காக என்று முன்பு நம்பினார்கள். புற ஊதா ஒளியைப் பிரதிபலித்துப் பூச்சிகளை ஈர்க்கிறது என்றும், பறவைகள் வலையில் மோதாமல் எச்சரிக்கிறது என்றும், சிலந்தியின் உருவத்தை மறைக்கிறது என்றும் கருத்துகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆதரவான சோதனைகளும் இருக்கின்றன. எல்லா இனங்களுக்கும் ஒரே காரணம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வலையின் நடுவே செங்குத்தாகக் குப்பைக் கோடு ஒன்று தொங்கினால், அது சைக்ளோசா. உண்ட பூச்சிகளின் சக்கைகளையும் முட்டைப்பைகளையும் வரிசையாகக் கோத்து, அவற்றின் நடுவே தானும் ஒரு குப்பைத் துண்டு போல அமர்ந்திருக்கும். கடினமான, முள்முனைகள் கொண்ட வயிறும், சட்ட இழைகளில் ஆங்காங்கே வெண்பஞ்சு முடிச்சுகளும் இருந்தால் அது முள்சிலந்தியான காஸ்டராகாந்தா. மனிதர் உயரத்துக்கு மேல், மஞ்சள் மின்னும் இழைகளுடன் மிகப் பெரிய வலை இருந்தால் அது பொன்னிழைச் சிலந்தி. சிர்ட்டோபோரா என்னும் கூடாரச் சிலந்திகள் பசையையே கைவிட்டு, மிக நுண்ணிய கண்களுடைய படுக்கை விரிப்பைக் கூடாரம் போல் உயர்த்திக் கட்டுகின்றன. அந்த வலை நாள்தோறும் புதுப்பிக்கப்படுவதில்லை.

அளவில் எல்லாவற்றையும் மிஞ்சுவது மடகாஸ்கரில் வாழும் டார்வின் மரப்பட்டைச் சிலந்தி. ஆற்றின் குறுக்கே 25 மீட்டர் நீளம் வரை பாலம் அமைத்து, அதில் 2.8 சதுர மீட்டர் வரை பரப்புள்ள வலையைத் தொங்கவிடுகிறது. இதுவரை அளக்கப்பட்ட உயிரிப் பொருள்களில், முறிவதற்கு முன் மிக அதிக ஆற்றலை உள்வாங்கும் இழைகளில் ஒன்று அதனுடையது.

இவற்றுக்கெல்லாம் எதிர்முனையில் போலாஸ் சிலந்தி நிற்கிறது. வட்டவலைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் வலையே கட்டுவதில்லை. ஒற்றை இழையின் நுனியில் ஒரே ஒரு பெரிய பசைத்துளியைத் தொங்கவிட்டு, பெண் அந்துப்பூச்சியின் மணத்தை ஒத்த வேதிப்பொருளைத் தன் உடலிலிருந்து வெளியிடுகிறது. அதை நம்பி ஆண் அந்துப்பூச்சி நெருங்கியதும், துளியை வீசிப் பிடிக்கிறது. செதில் உதிர்த்துத் தப்பும் அந்துப்பூச்சியின் உத்தி அந்தப் பெரிய துளியிடம் பலிப்பதில்லை.

ஆறாம் படி: எதிரிகளையும் விருந்தாளிகளையும் காணுதல்

பெரிய வலைகளின் ஓரங்களில் வெள்ளி போல் மின்னும் மிகச் சிறிய சிலந்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்கைரோடிஸ் எனப்படும் இவை, வலைக்குச் சொந்தக்காரர் கவனிக்காத சிறு இரைகளைத் திருடி வாழ்பவை. களிமண் கூடு கட்டும் குளவிகள் வட்டவலைச் சிலந்திகளைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, உயிரோடு தம் கூட்டில் அடைத்து, குஞ்சுகளுக்கு உணவாக்குகின்றன.

ஒட்டுண்ணிக் குளவிகளின் வேலை இன்னும் கொடுமையானது. கோஸ்டா ரிகாவில் வில்லியம் எபர்ஹார்ட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, நீள்தாடைச் சிலந்தி ஒன்றின் வயிற்றில் ஒட்டி வளரும் குளவிப் புழு, சிலந்தியைக் கொல்லும் இரவில் அதன் நடத்தையையே மாற்றிவிடுகிறது. சிலந்தி தன் வழக்கமான வலைக்குப் பதிலாக, சட்டம் அமைக்கும் அசைவுகளை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து, சில உறுதியான இழைகளாலான ஒரு தாங்கலைக் கட்டுகிறது. பிறகு புழு அதைக் கொன்று உறிஞ்சிவிட்டு, அந்தத் தாங்கலில் தன் கூட்டைத் தொங்கவிடுகிறது.

ஏழாம் படி: வாழ்க்கைச் சுற்றைப் பின்தொடர்தல்

ஒரே வலையைப் பல வாரங்கள் பார்த்து வந்தால், சிலந்தி சில நாள்கள் உண்ணாமலும் வலையைப் புதுப்பிக்காமலும் இருப்பதைக் காண்பீர்கள். அது இறக்கப்போகிறது என்று எண்ண வேண்டாம். தோலுரிக்கும் காலமாக இருக்கலாம். ஓர் இழையில் தொங்கியபடி பழைய தோலிலிருந்து கால்களை ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளும் அந்த நேரத்தில் அதற்குத் தற்காப்பே கிடையாது, அருகில் செல்லாதீர்கள். முன்பு இழந்த கால், தோலுரித்த பிறகு சிறிய அளவில் மீண்டும் வளர்ந்திருப்பதையும் காணலாம்.

முதிர்ந்த ஆண் பொதுவாக வலை கட்டுவதை நிறுத்திவிட்டுப் பெண்ணைத் தேடி அலைகிறது. பொன்னிழைச் சிலந்தியின் பெரிய வலையில் ஒரு பெண்ணும், அதன் ஒரு காலின் பருமன்கூட இல்லாத ஆண்களும் இருப்பதைப் பார்க்கிறவர்கள் அவற்றைக் குஞ்சுகள் என்றே நினைக்கிறார்கள். வாயருகே உள்ள உணர்கால்களின் நுனிகள் குத்துச்சண்டைக் கையுறை போலப் பருத்திருந்தால் அது ஆண். விந்தைச் சுமந்து செல்வது அந்த உறுப்புகளே. பெண்ணின் வலையோரத்தில் ஓர் இழையைக் கட்டி, அதைத் தாளத்தோடு சுண்டித் தான் இரை அன்று என்று ஆண் அறிவிக்கிறது. ஆர்ஜியோப் ஆரான்டியா என்ற இனத்தில், இரண்டாவது உணர்காலைப் பயன்படுத்திய உடனேயே ஆணின் இதயம் தானே நின்றுவிடுகிறது. பெண் கொல்லாவிட்டாலும் அது இறக்கிறது.

முட்டைப்பைக்கென்றே தனிச் சுரப்பியின் இழை இருப்பதை முன்பே சொன்னேன். தோட்டச் சிலந்தி இலையுதிர்காலத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே பையில் இட்டு, அதன்பின் விரைவிலேயே இறந்துவிடுகிறது. குஞ்சுகள் வசந்தத்தில் வெளிவருகின்றன. குளிர்காலம் இல்லாத நிலங்களில் இந்தக் கணக்கு இனத்துக்கு இனம் மாறும். வெளிவந்த குஞ்சுகள் முதல் சில நாள்கள் ஒரே பந்தாகத் திரண்டிருக்கும். மெல்ல ஊதினால் பந்து சிதறி, சற்று நேரத்தில் மீண்டும் ஒன்றுசேரும். அதன்பின் அவை ஒவ்வொன்றாக உயரமான நுனிக்கு ஏறி, வயிற்றைத் தூக்கி, இழையைக் காற்றில் விட்டுப் பறந்துபோகின்றன. டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் கயிறுகளில், கரையிலிருந்து 60 மைல் தொலைவில், 1832 நவம்பர் 1 அன்று இப்படிப் பறந்து வந்த சிறு சிலந்திகளின் இழைகள் படிந்திருந்தன. காற்று மட்டும் இதற்குக் காரணம் அன்று. வளிமண்டலத்தின் மின்புலத்தை உணர்ந்து, காற்றே இல்லாத பெட்டிக்குள்ளும் சிலந்திகள் மேலெழுந்ததை 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது.

குஞ்சுகள் கலைந்த பிறகு, அடுத்தடுத்த காலைகளில் அருகிலுள்ள செடிகளின் நுனிகளைக் குனிந்து, பனி உலர்வதற்குள் தேடிப் பாருங்கள். இரண்டு இலைகளுக்கு நடுவே, ஒரு நாணயத்தின் அகலத்துக்கு மேல் போகாத சிறு வட்டவலைகள் கிடைக்கும். சட்டம், ஆரக்கால்கள், குடம், நெருக்கமான பசைச்சுருள் என எல்லாமே அதில் இருக்கும். யாரும் கற்றுத்தராமல் அந்தக் குஞ்சு கட்டிய வலை அது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆரக்கால்களை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதே செடிக்கு மறுநாள் அந்தியிலும் வாருங்கள்.